பைக் நின்னா தூத்துக்குடியில நிக்கணும் பாஸ்!

ரோடு ட்ரிப் கிளம்புற எல்லார்கிட்டயும் ஒரு லிஸ்ட் இருக்கும். இல்லைனு பொய் சொல்லாதீங்க! எத்தனை மணிக்கு எந்த ஊர்ல டீ, எங்கே டிபன், எந்த பீச்ல போட்டோனு கட்டம் போட்டு வெச்சிருப்பீங்க. அந்த லிஸ்ட்ல தூத்துக்குடிங்கற பேர் இருந்தா, பக்கத்துல ‘மக்ரூன் பார்சல், 20 நிமிஷம்’னு மட்டும்தான் எழுதியிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில கீழக்கரை, சாயல்குடி, வேம்பார்னு இறங்கி வர்ற பைக்குகளும் சரி, மதுரையில இருந்து எட்டயபுரம் வழியா பறந்து வர்ற கார்களும் சரி, அப்படியே திருச்செந்தூர் ரோட்டைப் பிடிச்சுப் போயிட்டே இருக்கும். கன்னியாகுமரி சன்ரைஸ் காத்துட்டிருக்குல்ல!

எங்க லிஸ்ட்டும் அப்படித்தான் இருந்துச்சு. சென்னையில இருந்து மூணு பேர், ரெண்டு பைக். ஒருத்தன் ட்ரிப் முழுக்க செலவுக் கணக்கு எழுதுறவன், அதனால ‘ஆடிட்டர்’. இன்னொருத்தனுக்குப் பேரு ‘வெயிட்டிங் லிஸ்ட்’. கேம்பஸ்ல செலக்ட் ஆகி, ஆஃபர் லெட்டரும் வாங்கி, எட்டு மாசமா ஜாயினிங் தேதி வராம உட்கார்ந்திருக்கிற அப்பாவி. இவனை மாதிரி உங்க கிளாஸ்லயும் நாலு பேர் இருப்பாங்க, நீங்களே அவனாகவும் இருக்கலாம். தினமும் மெயில் பார்ப்பான். ஸ்பேம் ஃபோல்டரையும் பார்ப்பான்.

மார்ச் மாசத்துல ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஊர் எல்லைக்குள்ள நுழையும்போது ஒரு பைக் ‘போதும்டா சாமி’னு படுத்துடுச்சு. தள்ளிக்கிட்டே போய் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியைப் பிடிச்சோம். பார்த்துட்டு நிதானமா சொன்னார்: “கிளட்ச் பிளேட்டு கருகிப் போச்சு தம்பி. இந்த வண்டிக்கு இங்கன கிடைக்காது. மதுரையில சொல்லி பஸ்ல போடச் சொல்லுதேன். நாளைக்கி ராத்திரி வரும். மறுநா காலைல மாட்டிருவோம்.”

ஒரு முழு நாள் அவுட்! ஆடிட்டர் லாட்ஜ் வாடகையைக் கூட்ட ஆரம்பிச்சுட்டான். “இந்த ஊர்ல ஒரு நாள் முழுக்க என்னண்ணே பண்றது?”னு கேட்டதுக்கு அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துட்டு, “காலைல நாலு மணிக்கு எந்திரிப்பீங்களா?”ன்னார். அவர் மச்சான் ஒரு உப்பளத்துல கணக்குப்பிள்ளையாம்.

இனிமே உங்களுக்காக. உங்க பைக்கும் இங்கே நிக்கலாம், யார் கண்டா?

தண்ணிக்கும் டிகிரி உண்டு!

விடியற்காலை நாலரைக்கு ஆட்டோ பிடிச்சு முள்ளக்காடு பக்கம் போங்க. முதல்ல ஒண்ணும் தெரியாது. இருட்டு, கால்ல ஏதோ நறநறங்குது. கண்ணு பழகினதும் தூரத்துல சின்னச் சின்னதா டார்ச் வெளிச்சம் நகர்றது தெரியும். அப்புறம்தான் அந்த வெளிச்சத்துக்குக் கீழே ஆள் இருக்காங்கனு புரியும். வெயில் ஏறிட்டா உப்புப் பாத்தியில நிக்க முடியாது. கீழே இருக்கிற வெள்ளை அத்தனையும் வெளிச்சத்தைத் திருப்பி முகத்துல அடிக்கும். அதனால ஊர் தூங்கும்போதே வேலையை ஆரம்பிச்சுடறாங்க. நீளக் கம்புல பொருத்தின பலகையால தண்ணிக்கு அடியில இருக்கிற உப்பை இழுத்து, வரப்போரமா குவிச்சுக்கிட்டே போறாங்க. அது பார்க்கறதுக்குத்தான் ஈஸி. ஆடிட்டர் பலகையை வாங்கி ரெண்டு இழுப்பு இழுத்தான். மூணாவது இழுப்புல பலகை நகரலை. தண்ணி ஊறின உப்பு என்ன கனம் கனக்கும்கறீங்க!

பலர் வெறுங்காலோடதான் நிக்கிறாங்க. கால்ல வெடிப்பு இருந்தா உப்புத் தண்ணி என்ன செய்யும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஷேவ் பண்ணும்போது கன்னத்தைக் கீறிக்கிட்டு லோஷன் போட்டிருக்கீங்கள்ல? அதை எட்டு மணி நேரத்தால பெருக்கிக்கோங்க.

இதுல கெமிஸ்ட்ரியும் இருக்கு. தூத்துக்குடி உப்பளங்கள் பலதுல நேரடியா கடல் தண்ணியைப் பாய்ச்சறதில்லை. போர் போட்டு நிலத்தடி உப்புத் தண்ணியை எடுக்கறாங்க. அதைப் பாத்தி பாத்தியா மாத்திக்கிட்டே போவாங்க. வெயிலும் காத்தும் தண்ணியைக் குடிக்கக் குடிக்க அடர்த்தி ஏறும். அதை அளக்கற கணக்குக்குப் பேர் ‘டிகிரி’. கடல் தண்ணி சுமார் 3 டிகிரி. ஏறும்போது முதல்ல ஜிப்சம் மாதிரி சமாசாரங்கள் அடியில தங்கிடும். 25 டிகிரி வாக்கில்தான் நம்ம சாப்பாட்டு உப்பு மணி மணியா உட்காரும். அதுக்கு மேலேயும் விட்டு வெச்சா, மக்னீசியம் கலந்த கசப்பு சேர்ந்துடும். அதனால சரியான நேரத்துல உப்பை வாரிட்டு மிச்சத் தண்ணியை வெளியேத்தணும். நாலு வருஷத்துல ஒரு டிகிரி வாங்கின நாங்க, 25 டிகிரி தண்ணிக்கு முன்னாடி கொஞ்சம் மரியாதையா நின்னோம்.

இந்தியாவுல உப்புல முதலிடம் குஜராத். அடுத்தது தமிழ்நாடு. தமிழ்நாட்டு உப்புல பெரும்பங்கு இந்த ஒரு மாவட்டத்துல இருந்துதான் போகுது. நீங்க இன்னிக்குச் சாப்பிட்ட மெஸ் சாம்பார்ல இந்த ஊர் கலந்திருக்க நிறைய சான்ஸ் இருக்கு.

ஏழு மணிக்கு தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தாங்க. ஒரு அக்கா எங்களை விசாரிச்சாங்க. எந்த ஊரு, என்ன படிப்பு, கல்யாணம் ஆச்சானு வரிசையா. நம்ம வெயிட்டிங் லிஸ்ட்கிட்ட “நீ என்ன வேலை தம்பி?”ன்னாங்க.

“வேலை கிடைச்சிருச்சுக்கா. எப்போ கூப்பிடுவாங்கனுதான் தெரியலை.”

“சம்பளம்?”

“கூப்பிட்டாத்தான் சம்பளம்.”

அக்கா சிரிச்சுட்டாங்க. “அப்ப நீயும் எங்களைப் போலத்தான். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி.”

மழை பேஞ்சா உப்பு கரைஞ்சுடும்னு ஆறாம் கிளாஸ்லயே படிச்சிருக்கோம். உப்பளத்துல அதுக்கு அர்த்தமே வேற. வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சதும் பாத்தியெல்லாம் நல்ல தண்ணியால நிறைஞ்சு, வேலை மொத்தமும் நின்னுடும். மழை முடிஞ்சும் உடனே உப்பு வராது. சேறு எடுக்கணும், பாத்தியை மிதிச்சு இறுக்கணும், மறுபடி தண்ணி டிகிரி ஏறணும். தினக்கூலிக்காரங்களுக்கு இந்த மாசங்கள்ல வருமானம் பூஜ்யம். அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமான இந்த இடைவெளிக்காக 2022-ல தமிழக அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்க ஆரம்பிச்சது. மூணு மாசத்துக்கு மொத்தமே அவ்வளவுதான். மீதிக்கு? “வட்டிக்கு வாங்குவோம். தை மாசத்துல இருந்து அதை அடைப்போம். அடைச்சு முடிக்கவும் திரும்ப மழை வந்துரும்”னு சொல்லிட்டு டப்பாவை மூடி எழுந்து போயிட்டாங்க. கோபம், அழுகை எதுவும் கிடையாது. பஸ் டைமிங் சொல்ற மாதிரி சொன்னாங்க.

திரும்பி வரும்போது வெயிட்டிங் லிஸ்ட் வாயே திறக்கலை. அன்னிக்கு அவன் மெயிலும் பார்க்கலைங்கறது ஆடிட்டரின் ரிப்போர்ட்.

உங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா தகவல். ராஜம் கிருஷ்ணன் இந்த உப்பளத்து மக்களைப் பத்தி எழுதின நாவல் ‘கரிப்பு மணிகள்’. காலேஜ் லைப்ரரியில தேடிப் பாருங்க. ஹாஸ்டல் மெஸ்ஸுல “உப்பு கம்மி”னு கத்தற பழக்கம் கொஞ்ச நாளைக்கு நிக்கும்.

ஏலமும் மக்ரூனும்

காலையிலேயே தெரேஸ்புரம் பக்கம் போனா நாட்டுப் படகு, வள்ளம் எல்லாம் கரையில. சாளை, விளமீன், பாறை, நண்டுனு மணல்ல குவிச்சு வெச்சு ஏலம் நடக்கும். ஏலம் விடறவர் சொல்றது என்ன பாஷைனு கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. தமிழ்தான்! இந்தக் கரையில கத்தோலிக்க மீனவர்கள் அதிகம். ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போக மாட்டாங்க, அதனால சண்டேல வண்டி நின்னா இந்த சீன் கட்.

காத்துக்கு இவங்க வெச்சிருக்கிற பேர்களைக் கேட்டு வாங்கிக்கோங்க. வடக்கே இருந்து வந்தா வாடை, கிழக்குனா கொண்டல், மேற்குனா கச்சான், தெற்குனா சோழகம். நமக்குத் தெரிஞ்ச காத்து ரெண்டே வகை: ஃபேன், ஏசி!

பேக்கரிக்குப் போகாம விட்டா ஊரே கோவிச்சுக்கும். மக்ரூன்ல இருக்கிறது மூணே பொருள்: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு. ஐரோப்பாவுல இதுக்கு பாதாம் போடுவாங்க. இங்கே முந்திரி. வெள்ளைக்கருவை நுரை பொங்க அடிச்சு, கோபுரம் கோபுரமா பிழிஞ்சு, மிதமான சூட்டுல மெதுவா காயவிட்டு எடுக்கறாங்க. அவசரப்பட்டு சூட்டை ஏத்தினா வெள்ளை நிறம் போயிடும். காத்துப் பட்டா நமுத்துடும், அதனால டப்பாவை இறுக்கி மூடுங்க. எங்க டப்பாவை மூடவேண்டிய அவசியமே வரலை. லாட்ஜ் வாசல்லயே காலி!

ஒரு கப்பலும் ஒரு குடையும்

மத்தியானம் பீச் ரோட்டுக்கு வாங்க. வெயில் மண்டையைப் பிளக்கும். பரவாயில்லை, தொப்பி போட்டுக்கோங்க. பழைய துறைமுகம் இந்தப் பக்கம்தான். சுங்கக் கட்டுப்பாடு உண்டு, நினைச்சபடி உள்ளே போக முடியாது. ஆனா வெளியே இருந்தே மரத்தால ஆன பெரிய பெரிய தோணிகள் நிக்கிறதைப் பார்க்கலாம். கப்பல்னு நினைச்சுடாதீங்க, இங்கே அதுக்குப் பேர் தோணிதான். ஓட்டுறவர் தண்டல், கட்டுறவர் ஓடாவி. முன்னாடி பாய் விரிச்சு ஓடினது, இப்போ டீசல் இன்ஜின். வெங்காயம், காய்கறியில இருந்து வீடு கட்டற சாமான் வரைக்கும் ஏத்திக்கிட்டு மாலத்தீவு வரை போகுது. நீங்க சினிமாவுல பார்க்கிற தண்ணிக்கு மேல கட்டின தேன்நிலவு ரிசார்ட் இருக்குற அதே மாலத்தீவுதான். அங்கே வெங்காயம் விளையாதே பாஸ்!

தோணிக்கும் லீவு உண்டு. தென்மேற்குப் பருவக்காத்து வீசற ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல கடல் மோசம், ஓட்டம் கிடையாது. கட்டிப் போட்டு பழுது பார்ப்பாங்க. உப்புக்காரங்களுக்கு ஐப்பசி மாதிரி தோணிக்காரங்களுக்கு ஆடி. இந்தத் தோணி உலகத்தை முழுசா தெரிஞ்சுக்கணும்னா ஜோ டி குருஸ் எழுதின ‘கொற்கை’யைப் படிங்க. 2013-ல சாகித்ய அகாடமி விருது வாங்கின நாவல். தலையணை சைஸ்ல இருக்கும், பயப்படாதீங்க.

இங்கே நின்னுக்கிட்டு வ.உ.சி-யை நினைக்காம இருக்க முடியாது. ‘கப்பலோட்டிய தமிழன்’னு ரெண்டு மார்க் கேள்வியா படிச்சிருப்போம். இந்தக் கரையில நின்னு அந்தக் கதையை யோசிச்சுப் பாருங்க. 1906 அக்டோபர்ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆரம்பிக்கும்போது அவருக்கு வயசு 34. பங்கு ஒண்ணு 25 ரூபாய், 40,000 பங்கு, மொத்தம் பத்து லட்சம். தூத்துக்குடி – கொழும்பு ரூட்ல வெள்ளைக்காரக் கம்பெனி தனிக்காட்டு ராஜாவா ஓட்டிட்டிருந்த காலம் அது. இன்னிக்கு நீங்க சொல்ற ‘ஸ்டார்ட்-அப்’பை எல்லாம் இவர்கிட்ட கொண்டுவந்து காட்டணும். வாடகைக்கு எடுத்த கப்பல் பறிபோச்சு. சளைக்காம ‘காலியா’, ‘லாவோ’னு ரெண்டு சொந்தக் கப்பலை வாங்கிக் கொண்டு வந்து நிறுத்தினார். எதிர் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைச்சது. கடைசியில ‘டிக்கெட்டே வேண்டாம், ஏறி வாங்க, கூடவே ஒரு குடையும் தர்றோம்’னு ஆசை காட்டினதா சொல்வாங்க. ஃப்ரீ ஆஃபர் கொடுத்து போட்டிக் கடையை மூட வைக்கிற டெக்னிக் நூறு வருஷப் பழசு, புரியுதா?

1908-ல கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்னார். மார்ச் 12-ம் தேதி கைது. முதல்ல கொடுத்த தண்டனை ரெட்டை ஆயுள், மேல்முறையீட்டுல குறைஞ்சது. கோவை ஜெயில்ல செக்கு இழுத்தார். 1912 கடைசியில வெளியே வந்தப்போ கம்பெனியே இல்லை. முந்தின வருஷமே கலைச்சுட்டாங்க. மயிலாப்பூர், பெரம்பூர்னு வாடகை வீடுகள்ல வறுமையோட போராடி, கடைசி வருஷங்களுக்கு இந்த ஊருக்கே திரும்பி வந்து 1936-ல இறந்தார். இங்கே புதுத் துறைமுகம் வந்தது 1974-ல. அதுக்கு அவர் பேரை வெச்சது 2011-ல. அதே 2011 ஜூன்ல கொழும்புக்குப் பயணிகள் கப்பல் ஒண்ணு விட்டாங்க. நவம்பரோட நின்னுடுச்சு. 2023-ல நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தாச்சு. ஒரு காலத்துல சென்னையில ரயில் ஏறி இங்கே இறங்கி, அடுத்தது கப்பல் ஏறினா கொழும்புனு இருந்த ஊர் இது. 1914-ல தனுஷ்கோடி வழி திறந்ததும் அந்த மவுசு அங்கே போயிடுச்சு.

பீச் ரோடு பக்கமே கலெக்டர் ஆஷுக்கு ஒரு நினைவு மண்டபம் நிக்குது. ஆமா, 1911-ல மணியாச்சி ஸ்டேஷன்ல வாஞ்சிநாதன் சுட்ட அதே ஆஷ். வ.உ.சி-யை முடக்கினதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. முடக்கினவருக்கு ஒரு மண்டபம், முடக்கப்பட்டவர் பேர்ல துறைமுகம். ரெண்டும் ஒரே ஊர்ல. கார்ல போனா கண்ணுல படாது, நடந்து போங்க.

பனிமய மாதா கோயிலுக்கு சாயங்காலம் போனோம். 1713-ல கட்டினது, 1982-ல பசிலிக்கா அந்தஸ்து. ஆகஸ்ட் 5-ம் தேதி திருவிழாவுக்கு மதம் பார்க்காம ஊரே கூடும். பனிக்கும் இந்த ஊர் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க, அந்தக் கதை ரோம்ல ஆரம்பிக்குது. உள்ளே உட்கார்ந்தா நல்ல காத்து. முயல் தீவுக்கும் ஒரு எட்டு போனோம். கடல் இருக்கு, மணல் இருக்கு, குப்பையும் இருக்கு. நெக்ஸ்ட்!

ஒரு விஷயம் சொல்லணும். வெளியூர்ல தூத்துக்குடினு சொன்னா, பலருக்கு 2018 மே 22-தான் ஞாபகம் வரும். ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரா கலெக்டர் ஆபீஸுக்குப் பேரணியா போனவங்க மேல துப்பாக்கிச்சூடு நடந்து 13 பேர் செத்துப்போன துயரம். ஊருக்குள்ள அதைப் பத்தி நாங்களா யாரையும் கேட்கலை. டீக்கடையில ஒருத்தர் தானாவே ஆரம்பிச்சு, பாதியிலயே நிறுத்திட்டு, “டீ ஆறுது, குடிங்க தம்பி”ன்னார். நீங்களும் செல்போனை நீட்டிக்கிட்டு பேட்டி எடுக்கக் கிளம்பிடாதீங்க ப்ளீஸ். அவங்களா பேசினா கேளுங்க.

இன்னொரு கதையை அவரே சந்தோஷமா சொன்னார். 2023 டிசம்பர் 17, 18-ல பக்கத்து காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை! திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின ரயில், தண்டவாளத்துக்கு அடியில மண்ணே அரிச்சுப் போனதால ஸ்ரீவைகுண்டத்துல நின்னுடுச்சு. சுமார் 800 பயணிகள். அவங்களுக்கும் லிஸ்ட்ல இல்லாத எக்ஸ்ட்ரா நாள்தான். பக்கத்து புதுக்குடி கிராமத்து ஜனங்க, தங்களைச் சுத்தியும் வெள்ளமா இருந்தப்போ, சமைச்சு எடுத்துட்டு வந்து சோறு போட்டாங்க. கிளட்ச் பிளேட்டுக்காக மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்த மூணு பேரும் அதுக்கப்புறம் கப்சிப்.

அம்மா, இது வேற நைட் கிளப்!

ராத்திரி எட்டு மணிக்கு ஆடிட்டரின் அம்மா போன். “எங்கடா இருக்கே?” அவனும் போர்டைப் பார்த்து அப்படியே படிச்சான்: “நைட் கிளப்ல இருக்கேம்மா.” அந்தப் பக்கம் ரெண்டு நிமிஷம் அர்ச்சனை!

தூத்துக்குடியில நைட் கிளப்னா புரோட்டா கடை. சத்தியமா! சாயங்காலம் திறந்து ராத்திரி வரை நடக்கிற கடைகளுக்கு அதுதான் பேரு. டிஸ்கோ லைட்டுக்குப் பதிலா குண்டு பல்பு, டி.ஜே-வுக்குப் பதிலா கொத்து புரோட்டா தாளம். மொறுமொறுனு எண்ணெய்ல வெந்த புரோட்டாவை இலையில பிச்சுப் போட்டு, சால்னாவை ஊத்தி ஊற விடணும். எத்தனை சாப்பிட்டோம்னு ஆடிட்டர் கணக்கு எழுதலை. ட்ரிப்லயே அன்னிக்கு மட்டும்தான்.

மறுநாள் பிளேட் மாட்டி வண்டி கிளம்பிடுச்சு, திருச்செந்தூர், மணப்பாடுனு போனோம், கன்னியாகுமரியில மேகமூட்டம். அதை விடுங்க, உங்களுக்கு வேண்டியது மாசக் கணக்குதானே?

உப்பளம் பார்க்க பிப்ரவரியில இருந்து செப்டம்பர் வரைக்கும் வரலாம், ஆனா தனியார் இடம், கேட்டுட்டுத்தான் கால் வைக்கணும். போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடியும் கேளுங்க. தோணி சுறுசுறுப்பா இருக்கிறது செப்டம்பருக்கு அப்புறம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் விலை எகிறும். எல்லாத்தையும் ஒரே நாள்ல பார்க்கணும்னா பிப்ரவரி, மார்ச்தான் சரி.

ஐப்பசியில வந்து வண்டி நின்னா, புரோட்டாவும் மக்ரூனும் கண்டிப்பா கிடைக்கும். முள்ளக்காடு பக்கம் நாலரை மணிக்குப் போனா டார்ச் வெளிச்சம் இருக்காது. பாத்தி முழுக்க மழைத் தண்ணி. பனை ஓலை மூடின உப்பு அம்பாரங்கள் மட்டும் வரிசையா நிக்கும். எங்களை விசாரிச்ச அந்த அக்கா அப்போ வீட்டுலதான் இருப்பாங்க.